குடி நின்றுவிட்டது, ஆள் இன்னும் திரும்பவில்லை: இது அவர் குணமா, குடி செய்த வேலையா?

வெறும்வாசகி:

இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது அபூர்வம். கேள்வி என் கணவரைப் பற்றியது. குடியை விட்டுப் பல மாதங்கள் ஆகின்றன, இடையில் ஒருமுறைகூடத் தொடவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பார்க்கிறவர்கள் எல்லாம் "இனி என்ன, நிம்மதிதானே" என்கிறார்கள். நிம்மதிதான், மறுக்கவில்லை. சத்தம் இல்லை, விழுந்து எழுவது இல்லை, சம்பளம் முழுதாக வீடு வந்து சேர்கிறது. ஆனால் மனிதர் மரத்துப்போன மாதிரி இருக்கிறார்.

போன வாரம் அவர் தம்பியிடமிருந்து ஒரு போன். என்ன பேசினார்களோ, போனை வைத்தவர் நேராகப் போய் வண்டிச் சங்கிலியைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்க்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்த சங்கிலி. தாடை இறுகிக் கிடக்கிறது, கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது. "என்னங்க, கோபமா?" என்றேன். "ஒன்றுமில்லை." "வருத்தமா?" "ஒன்றுமில்லை என்கிறேனே." அன்றிரவு தூங்கவில்லை. காலையில் வயிறு சரியில்லை என்று லீவு போட்டார்.

மறைக்கிறாரா, இல்லை நிஜமாகவே அவருக்கே தெரியவில்லையா? முன்பெல்லாம் குடித்தால்தான் அழுவார், குடித்தால்தான் மனசு விட்டுச் சிரிப்பார். மாமியாரைக் கேட்டால் "சின்ன வயசிலேயே அவன் அப்படித்தான்மா, வாயைத் திறக்க மாட்டான்" என்கிறார். அப்படியானால் இதுதான் இவர் குணமா? இதோடுதான் இனி வாழ வேண்டுமா?

கறார்க்குரல்:

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சகோதரி. முன்பு "வியாதி, அவனால் என்ன செய்ய முடியும்" என்றார்கள். இப்போது "உணர்வு தெரியவில்லை, அவனால் என்ன செய்ய முடியும்" என்று அடுத்த சலுகை கிளம்பியிருக்கிறது. ஆண்களில் முக்கால்வாசிப் பேர் மனசில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள், அத்தனை பேருமா குடிக்கிறார்கள்? சங்கிலியைத்தானே தேய்த்தார், தேய்க்கட்டும். பாட்டிலை எடுக்கவில்லை அல்லவா? குடிகாரக் குணம் என்று ஒன்று உண்டு, அது பாட்டிலோடு போகாது. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பாதித்தெளிவு:

கறார் அண்ணே, கொஞ்சம் பொறுங்கள்.

நான் குடித்துத் திரிந்தவன், விட்டு வருடங்களாகிறது. வாசகி, உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை என்று என்னால் கிட்டத்தட்ட அடித்துச் சொல்ல முடியும். நான் சிகிச்சைக்குப் போன இடத்தில் வட்டமாக உட்காரவைத்து, "இப்போது எப்படி உணர்கிறீர்கள்" என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள். என்னிடம் இருந்தது மொத்தம் இரண்டு பதில். "நல்லா இருக்கேன்", இல்லாவிட்டால் "டயர்டா இருக்கு". ஒரு நாள் ஆலோசகர் அம்மா கேள்வியையே மாற்றிவிட்டார். "மனசை விடுங்க, உடம்பில் எங்கே என்ன நடக்குது?" என்றார். யோசித்துப் பார்த்து, "தாடை வலிக்குது" என்றேன். "எப்போ இருந்து?" "காலையில் இருந்து." "காலையில் என்ன நடந்துச்சு?" என் மகள் என்னைப் பார்க்க வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அதை வாய்விட்டுச் சொல்லும் வரைக்கும் தாடைக்கும் மகளுக்கும் சம்பந்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பல்வலி மாத்திரை கேட்கலாமா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடித்த காலத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு உணர்வு. அதற்குப் பெயர் "ஒரு ரவுண்டு போடணும்". மேலதிகாரி திட்டினாலும் அதுதான், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதுதான், மகள் பரிசு வாங்கி வந்தபோதும் அதுதான். பயம், அவமானம், சந்தோஷம் என்று தனித்தனியாக எதுவும் என் கைக்கு வந்து சேர்ந்ததே இல்லை, வருவதற்குள் கை கிளாஸுக்குப் போயிருக்கும்.

ஆய்வுக்கூட_அணில்:

பாதித்தெளிவு அண்ணா சொன்னதற்கு மருத்துவ உளவியலில் ஒரு பெயரே இருக்கிறது, அலெக்ஸிதைமியா. 1970களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் வைத்த பெயர். தன் உணர்வை அடையாளம் காண்பதில் சிரமம், கண்டாலும் சொல்வதில் சிரமம், கவனம் எப்போதும் வெளியே நடப்பதிலேயே இருப்பது, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அது. இது தனி நோய் கிடையாது. உயரம் மாதிரி ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கிற ஒரு தன்மை.

இதை அளக்க அதிகம் பயன்படுவது டொரன்டோ அளவுகோல். 20 கேள்விகள், மதிப்பெண் 20 முதல் 100 வரை, 61 அல்லது அதற்கு மேல் வந்தால் அலெக்ஸிதைமியா என்று கணக்கு. மனம் சங்கடப்படும்போது அது வருத்தமா, பயமா, கோபமா என்று எனக்கே தெரிவதில்லை என்பது போன்ற வாக்கியங்கள் இருக்கும், நமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று குறிக்க வேண்டும். பொதுமக்களில் சுமார் 10ல் ஒருவர் இந்த எல்லையைத் தாண்டுவார். குடிக்கு அடிமையாகிச் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் எடுத்த ஆய்வுகளில் இது 45லிருந்து 67 சதவீதம் வரை வந்திருக்கிறது. எனவே கறார் சார், ஆண்கள் எல்லோரும் இப்படித்தான் என்று தள்ளிவிட முடியாது. ஆண்களிடம் கொஞ்சம் கூடுதல்தான், உண்மை. ஆனால் அந்த வித்தியாசம் சின்னது, இது பெரியது.

இன்னொன்றும் வாசகி அக்கா சொன்னதிலேயே இருக்கிறது. போன், சங்கிலி, தூக்கமின்மை, வயிறு. உணர்வு பெயர் இல்லாமல் வரும்போது பல பேருக்கு அது உடம்புத் தொல்லையாகத்தான் தெரியும். இதயம் படபடத்தால் பயம் என்று தோன்றாது, பிரஷர் ஏறிவிட்டது என்று தோன்றும். இவர்களுக்கு உடம்புக்குள் நடப்பதைக் கவனிக்கும் திறனே குறைவாக இருக்கலாம் என்கிற கோணத்திலும் ஆய்வுகள் போகின்றன.

கறார்க்குரல்:

அணில், ஒரு சின்ன சந்தேகம். தன் உணர்வு தனக்குத் தெரியாதவனிடம் போய் "உனக்கு உன் உணர்வு தெரியுமா" என்று ஒரு தாளைக் கொடுத்தால் அவன் எப்படிச் சரியாக நிரப்புவான்? சுத்தப் பித்தலாட்டமாக இருக்கிறதே.

ஆய்வுக்கூட_அணில்:

பித்தலாட்டம் இல்லை சார், ஆனால் கேள்வி சரியான கேள்வி. இந்த அளவுகோலைப் பற்றி ஆராய்ச்சியாளர்களே அடிக்கடி சொல்லும் குறை அதுதான். தவிர, மனச்சோர்வில் இருப்பவர் நிரப்பினால் எல்லாமே மோசமாகத்தான் வரும், அது அலெக்ஸிதைமியாவா சோர்வா என்று பிரிப்பது கஷ்டம். அதனால்தான் நேர்காணலாக எடுக்கும் முறையும், கூட இருப்பவர்களே நிரப்பும் படிவமும் பின்னால் வந்தன. ஒரே தாளை வைத்து ஆளை முடிவுகட்டக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாம்மாடி:

நான் குடிகாரரின் மகள். இந்த இழையைப் படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது, மன்னிக்கவும். அவருக்கு அவர் உணர்வு தெரியவில்லை, பாவம். சரி. எங்கள் உணர்வு?

என் அப்பா பேச்சே இல்லாமல் ஆரம்பிக்கிற ஒரு சண்டை உண்டு. நான் கதவோரமாக நிற்பேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார். "என்னடி முறைக்கிற?" நான் முறைக்கவில்லை. எனக்குப் பயம். கை நடுங்குவதை மறைக்க இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன், அதுவும் அவருக்குத் திமிராகத் தெரியும். ஒரு குழந்தை பயந்து நிற்பதற்கும் முறைத்து நிற்பதற்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் எப்படி இருக்க முடியும்? அதுவும் குடிக்காத காலை நேரத்திலும் இப்படித்தான். ரொம்ப நாள் என் முகத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்திருக்கிறேன்.

ஆய்வுக்கூட_அணில்:

அக்கா, இதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை.

நீங்கள் சொன்ன விஷயத்தை நேரடியாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1990களின் கடைசியிலிருந்து பெல்ஜியத்தில் பியர் ஃபிலிப்போ, ஷார்ல் கோர்ன்ராய்க் போன்றவர்கள், குடியிலிருந்து மீண்டு வருகிறவர்களிடம் முகங்களின் படங்களைக் காட்டி என்ன உணர்ச்சி, எவ்வளவு தீவிரம் என்று கேட்டார்கள். அவர்கள் தீவிரத்தைக் கூட்டியே மதிப்பிட்டார்கள், ஒரு உணர்ச்சியை இன்னொன்றாக எடுத்துக்கொண்டார்கள், முக்கியமாகக் கோபமும் இகழ்ச்சியும் இல்லாத முகத்தில் அவற்றைப் பார்த்தார்கள். இதில் கொடுமையான பகுதி, தங்களுக்கு இந்தச் சோதனை கஷ்டமாக இருந்தது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. தப்பாகப் படிக்கிறோம் என்பதும் தெரியாது. படங்களைப் பார்த்தபோது அவர்கள் யாரும் போதையில் இல்லை. குடியை நிறுத்திச் சில வாரங்கள் ஆனவர்கள்தான்.

உங்கள் முகத்தில் எந்தக் கோளாறும் இல்லை அக்கா.

மூன்றாம்மாடி:

இதை யாராவது இருபது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

ஆனால் காரணம் தெரிந்ததால் நடந்தது சரியாகிவிடாது. தெரியவில்லை என்பது ஒன்று, தெரிந்துகொள்ள மெனக்கெடாதது வேறொன்று. "நான் முறைக்கலைப்பா, பயமா இருக்கு" என்று ஒரு தடவை சொன்னேன். அப்போதாவது கேட்டிருக்கலாம் இல்லையா?

பாதித்தெளிவு:

கேட்டிருக்க வேண்டும்மா. அதில் மாற்றுக் கருத்தே இல்லை. என் மகள் வர மாட்டேன் என்றதும் இதே மாதிரிக் கணக்குகளால்தான்.

கறார்க்குரல்:

மூன்றாம்மாடி சொன்னதற்குப் பிறகு நான் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. குணம் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? இந்த மாதிரி ஆட்கள்தான் குடிக்குப் போகிறார்களா, குடி இவர்களை இப்படி ஆக்குகிறதா?

ஆய்வுக்கூட_அணில்:

இதற்கு ஒரு வரியில் பதில் கேட்டால் எல்லோரும் ஓடிவிடுவார்கள். முயற்சி செய்கிறேன்.

குடிகாரக் குணம் என்று ஒரே அச்சில் வார்த்த ஒன்று கிடையாது, பல பத்து வருடமாகத் தேடியும் கிடைக்கவில்லை. சராசரியாகப் பார்த்தால் சில சாய்வுகள் தெரிகின்றன. பதற்றமும் சோர்வும் எளிதில் வரும் மனம், பொறுப்பாகத் திட்டமிட்டு நடப்பது குறைவு, பிறரோடு இணங்கிப் போவது குறைவு, இந்த மூன்றும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது திரும்பத் திரும்ப வந்தவை. ஆனால் இது சராசரி. இந்த மூன்றும் உள்ள எத்தனையோ பேர் குடிப்பதில்லை, இந்த மூன்றும் இல்லாத எத்தனையோ பேர் குடியில் விழுந்திருக்கிறார்கள்.

1981இல் ராபர்ட் க்ளோனிங்கரும் சகாக்களும் ஸ்வீடனில் தத்துக் கொடுக்கப்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து இரண்டு வகை பிரித்தார்கள். ஒன்று 25 வயதுக்குப் பிறகு மெல்ல ஆரம்பிப்பது. பயந்த சுபாவம், குற்றவுணர்ச்சி, மனசை அடக்கக் குடிப்பது. இன்னொன்று சின்ன வயதிலேயே, பெரும்பாலும் ஆண்களிடம், துணிந்து புதுசு தேடுகிற, அடிதடிக்குப் போகிற வகை, அதில் பரம்பரையின் பங்கு பலம். பிற்பாடு பார்த்தபோது நிறையப் பேர் இரண்டுக்கும் நடுவில்தான் நின்றார்கள், அதனால் வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் பயத்தால் குடிப்பவரும் பரபரப்புக்குக் குடிப்பவரும் ஒரே ஆள் இல்லை என்பது மட்டும் நின்றுவிட்டது. வாசகி அக்காவின் கணவர் முதல் பக்கம் என்று தோன்றுகிறது, நேரில் பார்க்காமல் சொல்வது தப்பு, இருந்தாலும்.

பரம்பரை என்றதும் நினைவுக்கு வருகிறது, இரட்டையர் ஆய்வுகளின்படி குடி அடிமைத்தனத்துக்கான வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணு வழியாக வருவது. மீதிப் பாதி வாழ்க்கை.

இனி, எது முதலில் என்பது. ஜார்ஜ் வேலண்ட் என்ற மனநல மருத்துவர், பதின்வயதிலிருந்தும் கல்லூரிக் காலத்திலிருந்தும் தொடர்ந்து கவனிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான அமெரிக்க ஆண்களின் பதிவுகளை வைத்து 1983இல் எழுதியது இன்றும் முக்கியம். குடியில் விழுந்த பிறகு ஒருவரைக் கேட்டால் சின்ன வயதே கஷ்டமாக இருந்தது, எப்போதும் சோர்வுதான் என்பார். ஆனால் அந்தச் சின்ன வயதில் எழுதி வைத்த பதிவைப் பார்த்தால் பல பேரிடம் மற்றவர்களோடு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பின்னால் யார் குடியில் விழுவார் என்பதைக் கூடுதலாகச் சொன்னது, குடும்பத்தில் குடி இருந்ததா என்பதுதான். நாம் பின்னாலிருந்து பார்த்துக் குணம் என்று சொல்வதில் நிறைய, குடி வந்த பிறகு படிந்தது. அதற்காக எல்லாமே அப்படி என்று இல்லை. சிறு வயதில் உணர்வுகளுக்கு யாரும் காது கொடுக்காத வீட்டில் வளர்ந்தவர்களிடம் அலெக்ஸிதைமியா கூடுதல் என்றும் தெரிந்திருக்கிறது. உங்கள் மாமியார் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் அக்கா. அவன் வாய் திறக்க மாட்டான் என்றால், திறந்தபோது யார் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், இதை அவரிடம் போய்க் கேட்டுவிடாதீர்கள்.

வெறும்வாசகி:

கேட்டால் வீடு இரண்டாகிவிடும் தம்பி.

ஆய்வுக்கூட_அணில்:

தம்பி இல்லை, தங்கை. பரவாயில்லை.

இரவுச்செவிலி:

போதை மீட்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்க்கிறேன். அணில் அழகாகச் சொன்னார், வார்டில் நாங்கள் பார்ப்பதைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

குடியை நிறுத்திய முதல் சில வாரங்களில் ஒரு ஆளைப் பார்த்து, "இவர் குணம் இது, மனநோய் அது" என்று எழுதினால் பாதி தப்பாகத்தான் இருக்கும். குடியால் வரும் சோர்வும் பதற்றமும் நிறைய பேருக்கு நாலு வாரத்துக்குள் தானாகவே வடியும். வடியாமல் நின்றால்தான் அது தனி மனச்சோர்வா என்று பார்ப்போம். இந்த உணர்வு தெரியாத தன்மையிலும் இரண்டு அடுக்கு உண்டு. உள்ளே சேரும்போது எடுத்த மதிப்பெண் சில வாரத்தில் எல்லோருக்கும் ஓரளவு இறங்கும், ஏனென்றால் பதற்றம் குறைகிறது. ஆனால் முதலில் யார் மேலே இருந்தாரோ அவர் பிறகும் மற்றவர்களைவிட மேலேயேதான் இருப்பார். குடியின் பங்கு வடிந்துபோகும், ஆளின் பங்கு தங்கிவிடும். வாசகி, நீங்கள் மாதக் கணக்கைத் தாண்டிவிட்டீர்கள், ஆகவே இது வெறும் குடி இறங்கும் காலத் தொல்லை இல்லை. பயப்படச் சொல்லவில்லை. காத்திருந்தால் தானாகச் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

அப்புறம் வாழ்க்கைத் தரம். எங்களிடம் எல்லோரும் கேட்பது "குடிக்கிறாரா இல்லையா" என்ற ஒரே கேள்வி. உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் வாழ்க்கைத் தரப் படிவத்தின் சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள், உடல், மனம், உறவு, சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதி. குடிக்கிறாயா என்று அதில் ஒரு கேள்வி கிடையாது. தூக்கம் எப்படி, வலி இருக்கிறதா, உன் வாழ்க்கைக்கு அர்த்தம் இருப்பதாகத் தோன்றுகிறதா, உறவுகளில் திருப்தியா, கையில் தேவைக்குப் பணம் இருக்கிறதா என்று போகும். நான் பார்த்தவரை உடம்புப் பகுதி முதலில் ஏறும், சாப்பாடு இறங்கும், நிறம் திரும்பும். உறவுப் பகுதிதான் கடைசி வரை நொண்டும். குடிக்காமலே மூன்று மாதம் இருந்துவிட்டு, படிவத்தில் உறவுக் கேள்விகளில் எல்லாம் அடிமட்டத்தில் வட்டம் போட்டுவிட்டுப் போகிறவர்களைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். மறுபடி வார்டுக்கு வருகிறவர்களில் அவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தூக்கத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குடியை விட்டுப் பல மாதம் வரைகூடத் தூக்கம் கெட்டே இருக்கும். தூங்காத மனிதரிடம் உங்கள் உணர்வு என்ன என்று கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

புதுப்பயணி:

ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். நான் இன்னும் குடிக்கிறேன். தினமும். அண்ணன் சொன்ன "ஒரு ரவுண்டு போடணும் என்பதுதான் ஒரே உணர்வு" என்ற வரி என்னைப் பற்றித்தான். காலையில் கை நடுங்குகிறது, ஒன்று போட்டால் நிற்கிறது. இதையெல்லாம் படித்த வேகத்தில் இன்றிரவோடு நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் இருக்கிறதைக் கொட்டிவிடப் போகிறேன்.

இரவுச்செவிலி:

தம்பி, கொட்டாதீர்கள். நிறுத்துங்கள், ஆனால் இப்படி இல்லை.

காலையில் கை நடுங்கி, குடித்தால் நிற்கிறது என்றால் உடம்பு அதற்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதற்கப்புறம், இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள், குழப்பம், இல்லாதது தெரிவது, காய்ச்சல், பயங்கர நடுக்கம் என்று வரும் நிலைக்கு உயிரைப் பறிக்கிற சக்தி உண்டு. மது பல வருடம் மூளையை அமர்த்தி வைத்திருந்தது, மூளை அதற்கு எதிராக முழு வேகத்தில் ஓடப் பழகிவிட்டது, அமர்த்துவதைச் சட்டென்று எடுத்தால் அந்த வேகம் மட்டும் மிச்சம். நாளைக் காலை டாக்டரைப் பாருங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள், நடுக்கத்தையும் சொல்லுங்கள், முன்பு எப்போதாவது நிறுத்தும்போது வலிப்பு வந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள், தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள், அது குறைந்தால் ஞாபகமே நிரந்தரமாகப் போய்விடும் ஆபத்து உண்டு. இன்றிரவே வலிப்போ குழப்பமோ வந்தால் நேராக அவசரப் பிரிவு.

பாதித்தெளிவு:

தம்பி, செவிலி அம்மா சொன்னதை அப்படியே செய். நான் வீராப்பாக நிறுத்தி மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்வதைப் பார்த்தவன். போகும்போது துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

புதுப்பயணி:

சரி. அக்காவைக் கூப்பிட்டிருக்கிறேன். காலையில் வருகிறாள்.

வெறும்வாசகி:

தம்பி, ரொம்ப நல்லது. போய்விட்டு வந்து ஒரு வரி எழுதுங்கள்.

நான் இங்கே படித்ததை வைத்து ஒன்று செய்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி என் கணவரின் தம்பியிடமிருந்து போன். இந்த முறை கோபமா வருத்தமா என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "கழுத்து இறுகிப் போயிருக்கே, வலிக்குதா?" என்றேன். "ஆமா" என்றார். "போன் வருவதற்கு முன்னால் இருந்ததா?" யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அவர் முகத்தில் அதைப் பார்த்தே பல வருடம் ஆகிறது. "இல்லை" என்றார். அதோடு சரி, எழுந்து போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "அவன் என்னை இன்னும் குடிகாரன்னுதான் நினைக்கிறான்" என்றார். இது கோபமா, அவமானமா, எனக்கே தெரியவில்லை. ஆனால் சங்கிலியைத் தொடவில்லை.

பாதித்தெளிவு:

அம்மா, அந்த ஒரு மணி நேரம் சாதாரணம் இல்லை. எனக்கு முதலில் ஒரு நாள் ஆகும், காலையில் நடந்ததற்கு மறுநாள்தான் கோபம் வந்து சேரும். அதற்குப் பெயர் வைக்க ஆலோசகர் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்திருந்தார், எரிச்சல், ஏமாற்றம், பொறாமை, கூச்சம், ஏக்கம் என்று. நாற்பது வயதில் குழந்தைப் பாடம் படிக்கிற மாதிரிக் கூச்சமாக இருந்தது. பொறாமை என்று ஒன்று எனக்குள் இருக்கிறது என்பதையே அந்தத் தாளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஆய்வுக்கூட_அணில்:

பெயர் வைப்பதற்கே ஒரு பலன் இருக்கிறது. 2007இல் மாத்யூ லீபர்மன் குழு மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கோபமான, பயந்த முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது, மூளையில் அபாய மணி அடிக்கும் பகுதியான அமிக்டலாவின் கொதிப்பு குறைந்தது. குடிக்கும் பழக்கத்துக்குக் கொடுக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாதிரியான மருந்துகள் ஏக்கத்தையும் திரும்ப விழுவதையும் குறைக்க உதவும், அவை வேண்டியவை. ஆனால் தாடை ஏன் இறுகியது என்று எந்த மாத்திரையும் சொல்லித்தராது, அதற்குப் பயிற்சிதான். அலெக்ஸிதைமியா இருப்பவர் மறுபடி குடிக்கும் வாய்ப்பு அதிகமா என்றால், ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் ஆமாம், சிலவற்றில் வித்தியாசம் இல்லை. ஆகவே "இவருக்கு இது இருக்கிறது, கட்டாயம் விழுவார்" என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

மூன்றாம்மாடி:

வாசகி, ஒன்று சொல்லட்டுமா? கழுத்தைக் கேட்டது அழகு. ஆனால் நீங்கள் அவருடைய மொழிபெயர்ப்பாளராக மாறிவிடாதீர்கள். என் அம்மா அப்பாவின் முகத்தைப் படிக்கிறதிலேயே வாழ்க்கையைக் கழித்தாள், அவள் முகத்தை யாரும் படிக்கவில்லை. குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன, 1951இலிருந்து நடக்கின்றன. அங்கே போய் உங்களைப் பற்றிப் பேசுங்கள். அந்த 26 கேள்விப் படிவத்தை நீங்களும் ஒரு தடவை நிரப்பிப் பாருங்கள், எத்தனை வட்டம் கீழே விழுகிறது என்று.

கறார்க்குரல்:

இதை நான் முழுதாக ஆமோதிக்கிறேன். மற்றபடி, தெரியாது என்று சொல்கிறவருக்கு ஒரு வருடம் கொடுங்கள். கற்றுக்கொள்கிறாரா என்று பாருங்கள். கற்றுக்கொள்ள மறுத்தால் அப்போது அது குணம்தான், அதற்கு லத்தீன், கிரேக்கப் பெயரெல்லாம் வேண்டாம்.

வெறும்வாசகி:

உங்களிடமிருந்து ஒரு வருடம் என்பதே பெரிய சலுகைதான் சார்.

மூன்றாம்மாடி, சொன்னது உறைத்தது. கூட்டம் எங்கே நடக்கிறது என்று பார்க்கிறேன். கடைசியாக ஒன்று, அந்த 20 கேள்வி அளவுகோலை அவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லலாமா?

ஆய்வுக்கூட_அணில்:

நீங்களாகக் கொடுக்க வேண்டாம் அக்கா. வீட்டில் மனைவி நீட்டும் தாள் அவருக்குப் பரீட்சையாகத்தான் தெரியும், இரண்டே நாளில் "நான் 70 மார்க்" என்று அதையே சாக்காகவும் பிடித்துக்கொள்ளலாம். அவர் போகிற ஆலோசகரிடம் நீங்கள் தனியாகப் பேச முடிந்தால், போன் வந்த நாள், தேய்த்த சங்கிலி, தூங்காத ராத்திரி, வயிற்றுவலி லீவு, இந்த நான்கையும் வரிசை மாறாமல் சொல்லுங்கள். தேவை என்றால் படிவத்தை அவரே கொடுப்பார். தூக்கத்தைப் பற்றி டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள், தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அதில் சில வகை இவருக்கு இன்னொரு அடிமைத்தனமாகிவிடும்.

புதுப்பயணி:

டாக்டரைப் பார்த்தாயிற்று. உள்ளே சேரச் சொல்லிவிட்டார்கள், அக்கா பை கட்டப் போயிருக்கிறாள். போனை வாங்கிக்கொள்வார்களாம், அதனால் இப்போதே எழுதுகிறேன். உடம்பில் எங்கே என்ன நடக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன் அண்ணா, வயிற்றில். பயம் என்று நினைக்கிறேன்.

பாதித்தெளிவு:

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். போய்ச் சேர். வெளியே வந்ததும் இங்கே எழுது.